சுறுமாப் போத்தலில் வந்த நிலாக்கல்

பெட்டி இருந்தது. அதற்குள் கறுப்புப் பஞ்சு இருந்தது, பேராசிரியர் கையெழுத்திட்ட சீட்டு இருந்தது, சீட்டில் கல்லின் இலக்கமும் எடையும் இருந்தன. பஞ்சின் நடுவே போத்தல் இருக்கவேண்டிய குழி மட்டும் வெறுமையாக இருந்தது.

நப்லா அந்தக் குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். கண்ணுக்குத் தெரியாதது விரலுக்கு அகப்படுமா என்ன? ஆனாலும் விட்டுப் பார்த்தாள்.

கண்டியில் மூன்று நாள் பயிற்சி முடித்து, விடியக் காலையில் பஸ் ஏறி, பின்னேரம் அஸர் பாங்கு சொல்லும் நேரத்தில்தான் கல்முனைக்குடி வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தாள். அக்காவான ராத்தா றாபியாவின் கணவர் முர்ஷித் ஜித்தாவில் வேலை பார்ப்பவர். புறப்படுமுன் மக்காவுக்குப் போய் உம்றாவையும் முடித்துக்கொண்டு செவ்வாய்க்கிழமையே விடுமுறையில் வந்துவிட்டார். அவர் கையில்தான் அந்தக் கல் வந்தது. பல்கலைக்கழகத்தில் நப்லா செய்யும் பாறை ஆய்வுக்காக ஜித்தாவில் படிப்பிக்கும் பேராசிரியர் ஒருவர் தபாலை நம்பாமல், நம்பகமான ஆள் இருந்தால் கொடுத்தனுப்புகிறேன் என்று எழுதியிருந்தார். என் மச்சானைவிட நம்பகமான ஆள் இல்லை என்று நப்லா பதில் எழுதியிருந்தாள்.

"மச்சான், இதுக்குள்ள இருந்த போத்தல் எங்க?"

முர்ஷித் கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னார். பெட்டி பெரிது, கல்லோ ஒரு கடலையின் அளவு. சூட்கேசில் வைத்தால் போத்தல் உடைந்துவிடும் என்று பயந்து, அதை எடுத்து, தான் வாங்கிய சுறுமாப் போத்தல்களோடு சேர்த்துத் துவாயில் சுற்றிக் கைப்பையில் கொண்டுவந்தாராம். ஒரு கீறல்கூட விழவில்லையாம்.

சுறுமா என்றால் கண்ணுக்கு இடும் மை. அதை அரைக்கும் கறுப்புக் கல்லைச் சின்னக் கண்ணாடிப் போத்தல்களில் போட்டு மக்காவில் விற்பார்கள். உம்றாவுக்குப் போய் வந்தவர்கள் வீட்டிலிருந்து ஸம்ஸம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் சுறுமாக் கல்லும் அயல் வீடுகளுக்குப் போவது ஊர் வழக்கம்.

சுறுமாப் போத்தலெல்லாம் எங்கே என்று நப்லா கேட்டாள். ராத்தா றாபியா குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"சுறுமாவா? நேத்தே பங்கு வெச்சிக் குடுத்துட்டனே. ஏழு இருந்திச்சி. ஒண்ட நமக்கெண்டு வெச்சிட்டு ஆறையும் குடுத்தாச்சி."

"நான் ஆறுதானே வாங்கின" என்றார் முர்ஷித்.

அப்படியானால் ஏழில் ஒன்று நப்லாவின் போத்தல். வீட்டில் வைத்திருந்த போத்தலை றாபியா ஓடிப்போய் எடுத்து வந்தாள். நப்லா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். உள்ளே இருந்த கல் வெள்ளிபோல மின்னியது. அது சுறுமாதான்.

அவளுடைய கல் மின்னாது. சகாராப் பாலைவனத்தின் மணலில் பல்லாயிரம் ஆண்டு கிடந்து வெயிலையும் காற்றையும் தின்று பழுப்புத் தோல் போர்த்திய கல் அது. பாலைவனத்துக்கு வருமுன் அது நிலாவில் இருந்தது. நிலாவின் மீது எப்போதோ ஒரு பெரும் விண்கல் மோதியதில் சிதறிப் பறந்து, வெட்டவெளியில் அலைந்து, கடைசியில் பூமியில் விழுந்த எரிமலைப் பாறையின் துண்டு. முந்நூறு கோடி ஆண்டுக்கு முன் நிலாவின் உள்ளிருந்து குழம்பாகப் பொங்கி உறைந்தது. எடை ஒரு கிராமும் கொஞ்சமும். நப்லாவின் ஆய்வு நூலில் கடைசி அத்தியாயம் அந்த ஒரு கிராமை நம்பித்தான் நின்றது. அதைவிடப் பெரிய பாரம் வேறொன்று. பெற்றுக்கொள்ளும் பத்திரத்தில் கையெழுத்திட்டபோது, இந்தக் கல் என்னிடம் அமானிதம் என்று தன் மனத்துக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். அமானிதம் என்றால் நம்பி ஒப்படைத்த பொருள். அதற்குக் கேள்வி கணக்கு மறுமையிலும் உண்டு என்று கேட்டு வளர்ந்தவள் அவள்.

பர்தாவை மறுபடி போட்டுக்கொண்டு அவள் வாசலில் இறங்கியபோது, றாபியா அந்த ஏழாவது போத்தலை அவள் கைக்குள் திணித்தாள்.

"குடுத்த சாமான வெறுங்கையோட போய்த் திருப்பிக் கேக்கப்படாது. இதக் குடுத்துட்டு அத வாங்கு."

குற்றம் தன்னுடையது என்று றாபியாவின் முகம் வெளிறிப்போயிருந்தது. பங்கு வைத்தது நன்மையை நாடித்தான், நீ கவலைப்படாதே ராத்தா என்று சொல்ல நப்லாவுக்கு மனம் இருந்தது, கால்தான் நிற்கவில்லை. முதல் வீட்டை நோக்கி நடந்தாள்.

முதல் வீட்டில் போத்தல் ஷோகேசில் இருந்தது. மின்னியது. இரண்டாவது வீட்டிலும் மின்னியது. மூன்றாவது வீடு சைக்கிள் கடை மீராசாஹிபு மாமாவுடையது. அவர் ஏற்கெனவே அரைத்து இரண்டு கண்ணுக்கும் தீட்டிக்கொண்டு, மணமகன் போலக் கடையில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "குடுத்தத திருப்பிக் கேக்க வந்தா, கண்ணக் கழுவி ஊத்தித் தரட்டா மகள்?" என்றார். சிரித்தபடியே மிச்சக் கல்லைக் காட்டினார். அதுவும் மின்னியது. நாலாவது, ஐந்தாவது வீடுகளிலும் அப்படியே. ஒவ்வொரு வீட்டிலும் நப்லா கல்லைப் பார்த்தாள், இது இல்லை என்று நிம்மதியும் ஏமாற்றமும் கலந்து திருப்பிக் கொடுத்தாள், அடுத்த வீட்டுக்கு ஓடினாள். வேறு எதுவும் அவள் புத்தியில் தட்டவில்லை.

மிஞ்சியது கடற்கரை வீதியில் ஜெனூபா மாமியின் வீடு. ஜெனூபா இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவள். வயது நாற்பத்தைந்து இருக்கும். அக்கம்பக்கத்தில் யாருக்குச் சுறுமா அரைக்க வேண்டுமென்றாலும் காசு வாங்காமல் அரைத்துக் கொடுப்பாள். அவளுடைய மகள் றிஸ்லா பிள்ளை பெற்றிருந்தாள். ஐந்தாவது வீட்டுக்காரி வாசல்வரை வந்து அதைத்தான் சொன்னாள்.

"நாளைக்கு அந்தப் புள்ளைக்கு நாப்பது. கண்ணுக்குப் போட எண்டு அவ இண்டைக்கே சுறுமா அரைச்சிருப்பா. உன்ட கல்லு அங்க போயிருந்தா தூளாத்தான் கிடைக்கும்."

நப்லா வீதியில் நின்றுவிட்டாள். எரிமலைப் பாறையின் தூள் எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். நுண்ணோக்கியில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். உடைந்த கண்ணாடிபோல ஒவ்வொரு துணுக்குக்கும் கூரான விளிம்பு. பிறந்து நாற்பது நாளான கண்ணில் அதைத் தீட்டினால்?

இதுவரைக்கும் அவள் உதடு, யா அல்லாஹ் கல்லைத் தந்துவிடு, கல்லைத் தந்துவிடு என்றுதான் ஓதிக்கொண்டிருந்தது. கடற்கரை வீதியில் திரும்பியபோது அவளை அறியாமலே துஆ மாறிவிட்டது. கல் போனால் போகட்டும், அந்தப் பிள்ளையின் கண்ணைக் காப்பாற்று என்று கேட்டுக்கொண்டு ஓடினாள். படித்த நப்லா, மரியாதைப்பட்ட நப்லா, வீதியில் ஆண்கள் பார்க்க ஓடினாள்.

ஜெனூபாவின் வீட்டில் பிள்ளை ஏணையில் தூங்கிக்கொண்டிருந்தது. கண் மூடியிருந்தது. இமையில் மை இல்லை. நப்லா ஏணையைப் பிடித்துக்கொண்டு குனிந்து இரண்டு தடவை பார்த்தாள்.

"என்னகா, நாய் துரத்தின மாதிரி மூச்சு வாங்குது? இரி, தண்ணி தாறன்" என்றாள் ஜெனூபா.

தண்ணீர் குடித்துவிட்டு நப்லா நடந்ததைச் சொன்னாள். பாதிக் கதையிலேயே ஜெனூபா எழுந்து போய், அலுமாரியின் மேல்தட்டிலிருந்து போத்தலையும் மடித்த வெள்ளைக் காகிதம் ஒன்றையும் கொண்டுவந்து பாயில் வைத்தாள்.

"இது சுறுமா இல்ல எண்டு எனக்கு நேத்தே தெரியும். ஆருடையதோ மாறி வந்திரிக்கி. தேடி வருவாங்க எண்டு வெச்சிருந்தன். ராத்தாட்டச் சொல்லி விடுவம் எண்டா, நாப்பது வேலையில வெளிய இறங்க ஏலாமப் போச்சி."

எப்படித் தெரிந்தது என்று நப்லா கேட்டாள். ஜெனூபா தேநீர்க் கோப்பை ஒன்றை எடுத்துக் கவிழ்த்துக் காட்டினாள். கோப்பையின் அடிவட்டம் மெருகில்லாமல் சொரசொரவென்று வெள்ளையாக இருக்கும். சுறுமாக் கல் எது வந்தாலும் முதலில் அதில் ஓர் இழுப்பு இழுத்துப் பார்ப்பது அவள் வழக்கமாம். நல்ல சுறுமா பென்சில்போலக் கறுப்புக் கோடு போடும். இந்தக் கல் கோடு போடவில்லை. சாம்பல் நிறத்தில் மெல்லிய தடமொன்றை வைத்துவிட்டுக் கோப்பையையே அராவியது. தோல்தான் இப்படியோ, உள்ளே பார்ப்போம் என்று பாக்குவெட்டிக்குள் வைத்து ஒரு மூலையை நறுக்கினாளாம்.

"பாரு, பாக்குவெட்டிட வாய் போயிட்டு. இரும்பத் தின்னுற கல்ல புள்ளைட கண்ணுல போடுறதா? நறுக்கின தூளையும் கொட்டல்ல. நம்மட சாமான் இல்லையே. ஒரு மணி குறையாம அந்தக் காகிதத்துக்குள்ள கிடக்கு."

நப்லா காகிதத்தை விரித்தாள். அரைச் சிட்டிகைத் தூளும் நாலைந்து துணுக்கும் இருந்தன. கண் கலங்கியதால் எண்ண முடியவில்லை. ஆய்வுகூடத்தில் முதலாம் வருடப் பிள்ளைகளுக்குக் கனிமம் இனங்காண அவள் கற்றுக்கொடுக்கும் முதல் பாடமே மெருகிடாத பீங்கானில் கல்லை உரசி, விழும் கோட்டின் நிறம் பார்ப்பது. அதற்கென்று வெளிநாட்டிலிருந்து பீங்கான் தட்டு வருவிப்பார்கள். இங்கே ஒரு தேநீர்க் கோப்பை அந்த வேலையைச் செய்து ஒரு பிள்ளையின் கண்ணைக் காத்திருக்கிறது. "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள்.

"அப்பிடி என்ன கல்லுகா இது?"

"நிலாவுல இருந்து வந்த கல்லு மாமி."

ஜெனூபா போத்தலைப் பார்த்தாள், நப்லாவைப் பார்த்தாள். "முர்ஷித் தம்பி இதுக்கு விசா எடுத்தாரா?" என்றாள். உள்ளறையிலிருந்து றிஸ்லா சிரிக்கும் சத்தம் கேட்டது.

நப்லாவும் சிரித்துவிட்டாள். பிறகு பையிலிருந்து உருப்பெருக்கும் கைவில்லையை எடுத்து, நறுக்கிய முகத்தை ஜெனூபாவின் கண்ணருகே பிடித்தாள். பழுப்புத் தோலுக்கு உள்ளே அவளும் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறாள். சாம்பலும் தவிட்டு நிறமுமான பளிங்குகளுக்கு நடுவே கன்னங்கரேலென்று மெல்லிய தகடுகள். நம் கடற்கரையில் அலை ஒதுக்கும் கறுமணலில் இருக்கும் அதே இல்மனைட்டுத்தான் இதுவும், இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்தது என்று சொன்னாள். நிலாவில் தண்ணீர் இல்லாததால் கோடிக்கணக்கான ஆண்டுகள் அங்கே கிடந்தும் இந்த இரும்பு துருப்பிடிக்கவில்லை, பழுப்பெல்லாம் பூமிக்கு வந்தபின் ஏறியது என்றாள்.

எரிமலைக் குழம்பு உறைந்த கல் இது என்று அவள் சொன்னதும், நிலாவில் எரிமலை எங்கே இருந்தது என்று ஜெனூபா கேட்டாள். இடியப்பக்காரிக்குப் புரியும்படி சொல்ல நப்லா கொஞ்சம் யோசித்தாள்.

"நெல்ல ஊறப்போட்டா மணியில்லாத சாவி மிதக்கும், மணி தாழும், இல்லையா? நிலாவும் முதல்ல முழுக்க உருகின குழம்பாத்தான் இருந்திச்சி. ஆற ஆற, பாரமில்லாத வெள்ளைக் கல்லு மேல மிதந்து தோலாகிட்டு. பாரமானது அடியில தாழ்ந்திட்டு. பிறகு உள்ளுக்க இருந்த சூட்டுல அடிப்பகுதி கொஞ்சம் திரும்ப உருகி, வெடிப்பு வழியா மேல வந்து, பெரிய பள்ளங்கள நிரப்பி உறைஞ்சிட்டு. நிலாவப் பாத்தாத் தெரியிற கறுப்புத் திட்டு அதுதான். இந்தக் கல்லும் அப்பிடியொரு திட்டுல இருந்ததுதான்."

"அது மெய்யா நடந்திச்சி எண்டு ஆரு கண்ட?"

நல்ல கேள்வி. நப்லாவின் ஆய்வே அதுதான். யூரோப்பியம் என்று அரிதான ஒரு மூலகம் இருக்கிறது. வெள்ளைக் கல் உறைந்து மிதந்தபோது அதை விருப்பமாகத் தனக்குள் இழுத்துக்கொண்டது. அதனால் அடியில் எஞ்சியதில் யூரோப்பியம் குறைந்துபோயிற்று. அந்த அடியிலிருந்து பிற்காலத்தில் பொங்கிய எரிமலைக் கல்லிலும் அந்தக் குறை அப்படியே இருக்கும். குறையை அளந்தால், கண்ணால் காணாத பழைய நாளில் வெள்ளைக் கல் மிதந்து பிரிந்தது என்பதற்கு அதுவே சாட்சி என்றாள்.

ஜெனூபா இதைக் கவனமாகக் கேட்டாள். "வெளங்கிட்டு. வெள்ளைக்காரி சீதனத்தச் சுருட்டிக்கிட்டு மேல பெயித்தா. கறுப்பி வெறுங்கையோட நிக்கிறா" என்றாள்.

இதைவிடச் சுருக்கமாக எந்தப் புத்தகத்திலும் நப்லா படித்ததில்லை.

புறப்படும்போதுதான் அவளுக்கு ராத்தா தந்த போத்தல் நினைவு வந்தது. எடுத்துக் கொடுத்தாள். ஜெனூபாவின் முகம் மலர்ந்தது. நாளைக்குப் பிள்ளைக்குச் சுறுமா இல்லையே என்று மனதுக்குள் குறைப்பட்டுக்கொண்டிருந்தவள்தானே. உடனே கல்லை எடுத்துக் கோப்பை அடியில் இழுத்தாள். பென்சில்போலக் கறுப்புக் கோடு விழுந்தது. இதுதான் அசல் என்று சொல்லிக்கொண்டே பாக்குவெட்டியால் ஒரு மூலையை நறுக்கினாள். இந்தக் கல் மெதுவாக, சத்தமில்லாமல் உடைந்தது. உடைந்த துண்டுகள் பாயில் சிதறின. ஒவ்வொன்றும் சின்னச் சின்னச் சதுரப் பெட்டி.

நப்லா அந்தச் சதுரங்களைப் பார்த்தாள். அப்படி உடையும், அப்படிக் கோடு போடும், அப்படி மின்னும் கல் எதுவென்று அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டும் தெரியும். அது ஈயத்தின் தாது.

இதே கல்லைத்தான் ஐந்து வீட்டில் கையில் எடுத்துப் பார்த்தாள். தன்னுடையது இல்லை என்று மட்டும் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். மீராசாஹிபு மாமா கண்ணில் தீட்டிக்கொண்டு சிரித்தார், இவளும் சிரித்தாள்.

இப்போது வாய் திறந்தால் ராத்தாவின் உம்றா அன்பளிப்பைப் பழித்ததாகும். மச்சான் மக்கா மண்ணிலிருந்து ஆசையோடு கொண்டுவந்தது. சுறுமா இடுவதோ நபிவழி. நாற்பது நாளுக்காகக் காத்திருந்த இந்தப் பெண்ணின் முகமலர்ச்சியை அணைக்கவும் மனம் வரவில்லை. பேசாமல் எழுந்து போனால் யாருக்கும் தெரியாது. ஆனால் இந்தப் பெண் அடுத்தவருடைய பொருள் என்று அரைச் சிட்டிகைத் தூளைக் காகிதத்தில் மடித்துக் காத்துத் தந்திருக்கிறாள். தனக்குத் தெரிந்ததை இவளுக்குக் கொடுக்காமல் போனால் அதுதானே அமானித மோசடி?

"மாமி, இதப் புள்ளைட கண்ணுல போடவேணாம்."

ஜெனூபா பாக்குவெட்டியைக் கீழே வைத்தாள்.

"நபியவங்க கண்ணுக்குப் போடச் சொன்ன இத்மித் கல்லு எது எண்டு எனக்குத் தெரியா. அதப் பத்திக் கதைக்கிறதுக்கு நான் மார்க்கம் படிச்ச ஆலிமா இல்ல. இது ஈயக்கல்லு எண்டு தெரியும். ஈயம் சின்னப் புள்ளைட ரத்தத்துல சேந்தா மூளைய மெல்ல மெல்லக் கெடுக்கும். கண்ணால தெரியாது. அஞ்சி வருசம் போய்ப் பள்ளிக்கூடத்துலதான் தெரியும்."

றிஸ்லா கதவருகே வந்து நின்றாள். ஜெனூபா எத்தனை பிள்ளைகளுக்கு அரைத்துக் கொடுத்திருப்பாள் என்று நப்லா நினைத்தாள். அதை ஜெனூபாவும் நினைத்திருக்க வேண்டும். அவள் முகம் அப்படியிருந்தது.

"கண்ணுக்குத் தெரியாத நிலாவுல நடந்தத இம்மட்டுத் தெளிவாச் சொல்லுற நீ" என்றாள் கடைசியில். "இதயும் சும்மா சொல்லமாட்டாய். ஆனா இத எப்பவோ சொல்லியிருக்கலாமே."

"ஓம் மாமி. என்ட கல்லத் தேடின அவசரத்துலதான் இதக் கண்டன். அந்த அஞ்சி வீட்டுலயும் பாத்துப்போட்டுப் பேசாம வந்துட்டன்."

ஜெனூபா சதுரத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போத்தலில் போட்டாள். ஈரத் துணியால் பாயை இரண்டு தடவை துடைத்தாள். கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவிவிட்டு வந்து பிள்ளையின் ஏணையை ஆட்டினாள்.

அன்று அந்தி மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு நப்லா பேராசிரியருக்கு மின்னஞ்சலில் எல்லாவற்றையும் எழுதினாள். மூலை நறுங்கியது, பாக்குவெட்டியின் இரும்பு பட்டது, கோப்பையில் உரசியது என ஒன்றையும் மறைக்கவில்லை. கல்லைத் திருப்பிக் கேட்டாலும் சரி என்று முடித்தாள். மறுநாள் காலையில் பதில் வந்தது. பெரிய துண்டு போதும், வேலையைத் தொடருங்கள், தூளைத் தனியே வையுங்கள், அந்தக் கோப்பை எந்த வகைப் பீங்கான் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார். கடைசி வரியில், அந்தப் பெண்மணிக்கு என் ஸலாத்தைச் சொல்லுங்கள் என்றும் இருந்தது.

வெள்ளிக்கிழமை நாற்பதுக்கு வந்த பெண்கள், என்னடி பிள்ளைக்குக் கண் வெறிச்சென்று கிடக்கிறது என்று றிஸ்லாவைக் கேட்டார்கள். ஜெனூபாதான் பதில் சொன்னாள். அல்லாஹ் தந்த கறுப்பு உள்ளே இருக்கிறது, போதும் என்றாளாம்.

அஸருக்குப் பிறகு நப்லா அந்த ஐந்து வீட்டுக்கும் மறுபடி புறப்பட்டாள். ஒழுங்கை முனையில் ஜெனூபா குடையோடு நின்றாள். நீ தனியே போனால் படித்த திமிர் என்பார்கள், சுறுமா அரைக்கிறவளே வேண்டாமென்றால் கேட்பார்கள் என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். கேட்கத்தான் செய்தார்கள், போத்தல்களையும் திருப்பித் தந்தார்கள். மீராசாஹிபு மாமா மட்டும் முரண்டு பிடித்தார்.

"இந்த வயசுல எனக்கு மூளை கெட்டா என்ன, கெடாட்டி என்ன?"

"அது கெட்டுப் போச்சு எண்டு ஊருக்குத் தெரியும் காக்கா. பேரப்புள்ளையள் எடுத்துப் போடுவாங்களே, அதுக்குத்தான் கேக்குறம்" என்றாள் அவரை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் ஜெனூபா. அவர் சிரித்துக்கொண்டே போத்தலைக் கொடுத்துவிட்டார்.

திங்கட்கிழமை ஆய்வுகூடத்தில், கல்லிலுள்ள மூலகங்களைக் காட்டும் எக்ஸ் கதிர்க் கருவி அரை நாளைக்கு நப்லாவின் பெயரில் ஒதுக்கப்பட்டிருந்தது. நிலாக்கல்லின் வெட்டு முகத்தை முதலில் அதில் பார்க்க வேண்டும், யூரோப்பிய அளவுக்கு வேறு கருவிக்குப் பிறகு போக வேண்டும் என்பது திட்டம். அவள் சுறுமாப் போத்தல்களை முதலில் எடுத்தாள். முந்நூறு கோடி ஆண்டு பொறுத்த கல் இன்னும் ஒரு மணித்தியாலம் பொறுக்காதா?

ஜெனூபாவின் போத்தலோடு சேர்த்து ஆறு இருந்தன. ஐந்தில் ஈயம். ஆறாவதில் ஈயம் இல்லை, அது வெறும் இரும்புக் கல். இரண்டாவது வீட்டில் வாங்கியது. மின்னியதால் அதையும் ஈயமென்றே நினைத்திருந்தாள். கண் பார்த்து முடிவு செய்ததில் இது ஒன்று பிழையாகிவிட்டது. அதையும் குறிப்பேட்டில் எழுதினாள்.

பிறகுதான் நிலாக்கல்லை வைத்தாள். இரும்பின் கோடு உயர்ந்து எழுந்தது, அருகே மங்கனீசு, சற்றுத் தள்ளி டைட்டேனியம். அவள் எழுதிக்கொண்டே போனாள்.

மாலையில் பஸ்ஸிலிருந்து இறங்கியவள் நேரே இரண்டாவது வீட்டுக்குப் போனாள். அந்தப் பெண்ணிடம் போத்தலைக் கொடுத்து, உங்களுடையதில் ஈயம் இல்லை, ஆனாலும் கண் வைத்தியரைக் கேட்டுவிட்டு இடுங்கள் என்றாள்.

"இதச் சொல்லவா வீட்டுக்கும் போகாம வந்த?" என்றாள் அந்தப் பெண்.

"ஒங்கட சாமான்தானே" என்றாள் நப்லா.